தோட்ட மெஷின்களும் வேலையிட விபத்துகளும்: கடலூர், புதுச்சேரிப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்கரை ரிசார்ட், சிப்காட் ஆலை வளாகம், நெய்வேலி நகரியத்துப் பூங்கா, பள்ளி மைதானம், அடுக்ககத்துப் புல்தரை என்று எங்கே பார்த்தாலும் அரிவாள் இருந்த இடத்தில் இப்போது புல் வெட்டும் மெஷினான பிரஷ் கட்டர் வந்துவிட்டது. மெஷினை வாங்கித் தரும் கான்ட்ராக்டர், ஓட்டக் கற்றுத் தருவது பெரும்பாலும் அரைமணி நேரம்தான். ஓட்டுபவர்களும் மேஸ்திரிகளும் அடிபட்டவர் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

எந்த மெஷினுக்கு அதிகம் பயப்பட வேண்டும்?

அன்றாடம் ஓடுவது பிரஷ் கட்டர். அதனால் கண்ணிலும் முழங்காலுக்குக் கீழும் படும் அடிகளில் அதற்குத்தான் பெரிய பங்கு. செயின் சா அடித்தால் காயம் ஆழமாக இருக்கும். தென்னை மட்டை அரைக்கும் ஷ்ரெட்டரில் கை போனால் ஒட்டவைக்க எதுவும் மிஞ்சாது.

ஆனால் மெஷின் வாரியாகப் பயப்படுவதைவிட நேரம் வாரியாகப் பயப்படுவது நல்லது. முழு வேகத்தில் வெட்டும்போது எல்லோருமே கவனமாகத்தான் இருக்கிறார்கள். சிக்கிய புல்லை எடுக்க, வெட்டும் நைலான் நரம்பு மாற்ற, பெட்ரோல் ஊற்ற என்று வேலை நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் கை தவறான இடத்துக்குப் போகிறது. கீழே வரும் பதில்களில் சில அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றியவை.

பிரஷ் கட்டரின் பாதுகாப்புத் தகட்டில், அதாவது கார்டில் புல் அடைத்துக்கொள்கிறது. கழற்றிவிட்டு ஓட்டினால் என்ன?

கணக்கைப் பாருங்கள். 255 மில்லிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றினால், அதன் நுனி விநாடிக்குச் சுமார் 93 மீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது மணிக்கு 336 கிலோமீட்டர். அந்த நுனியில் பட்ட ஒரு ஜல்லிக்கல் எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கார்டு உங்கள் கால் பக்கத்தை மட்டும்தான் காக்கும். மற்ற பக்கங்களுக்கு இடைவெளிதான் காவல். சுற்றிலும் 15 மீட்டருக்குள் ஆள், மாடு, நிறுத்திய கார், கண்ணாடிக் கதவு எதுவும் இருக்கக்கூடாது. ஒரே இடத்தில் இருவர் ஓட்டினால் அவர்களுக்கு நடுவிலும் இதே 15 மீட்டர் வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

நைலான் நரம்பு போட்டு ஓட்டும்போது கார்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதன் ஓரத்தில் ஒரு சின்னக் கத்தி இருக்கும். நரம்பு அளவுக்கு மீறி நீண்டால் அதை அறுத்துச் சரியான நீளத்தில் வைப்பது அதுதான். கார்டைக் கழற்றினால் நரம்பு நீளும், எஞ்சின் திணறும், கிளட்ச் சூடேறித் தேயும். அகலமாக வெட்டுகிறது என்று சந்தோஷப்பட்ட மெஷின் அடுத்த மாதம் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும்.

நரம்பு தீர்ந்ததும் கட்டுக்கம்பி, சைக்கிள் பிரேக் கேபிள் என்று கிடைத்ததைச் செருகி ஓட்டுவதும் நடக்கிறது. கம்பி தேயாது, முறியும். முறிந்த துண்டு தோட்டா மாதிரிப் போகும். மெஷினின் வெட்டும் தலையில் சங்கிலித் துண்டுகளை மாட்டி ஓட்டும் வகைகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012-லேயே விற்கத் தடை செய்தது. அந்த மாதிரி எதையாவது கடைக்காரர் எடுத்துக் காட்டினால் வாங்காதீர்கள்.

இரும்பு பிளேடு சில நேரம் பக்கவாட்டில் துள்ளி அடிக்கிறது. ஏன்?

மேலிருந்து பார்த்தால் பிளேடு இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. பிளேடைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு நேர் எதிரே 12 மணி. 12-க்கும் 2-க்கும் நடுவில் உள்ள பகுதி சவுக்குக் கட்டை, வேலிக்கல், இரும்புக் குழாய் மாதிரி அசையாத ஒன்றில் பட்டால், பிளேடு அதைக் கடிக்க முடியாமல் மொத்தத் தலையையும் வலப்பக்கமாகவும் உங்கள் பக்கமாகவும் உதைத்துத் தள்ளும். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. வலப்பக்கம் நின்று குப்பை கூட்டுபவர்தான் முதலில் அடிபடுவார்.

இதற்காகவே வலமிருந்து இடமாக வீசி, பிளேடின் இடப்பக்கம், அதாவது 8 மணியிலிருந்து 12 மணிவரை உள்ள பகுதி படும்படி வெட்ட வேண்டும். திரும்ப வலப்பக்கம் வரும்போது வெட்டாமல் சும்மா கொண்டுவாருங்கள். வெறும் புல்லுக்கு நரம்பே போதும். 3 பல் பிளேடு முரட்டுப் புல்லுக்கும் நாணலுக்கும். 80 பல் பிளேடைச் செடித்தண்டுக்கு மட்டும் போடுங்கள். தோள் பெல்ட்டை முறையாக மாட்டியிருந்தால் பிளேடு துள்ளினாலும் உங்கள் காலை எட்டாது. பெல்ட் போடாமல் கையில் தூக்கி ஓட்டினால் எட்டும்.

பிளேடு மாற்றும்போது ஒன்று: அந்த நட்டு பெரும்பாலான மாடல்களில் இடது மரை. வலப்பக்கம் திருப்பினால் கழலும், இடப்பக்கம் திருப்பினால் இறுகும். இது தெரியாமல் கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கி மரையை அறுத்து, அதே நட்டைத் திரும்பப் போட்டு ஓட்டினால் பிளேடு கழன்று பறக்கும். கியர் தலையில் உள்ள துளையில் ஆலன் கீயைச் செருகிப் பூட்டிக்கொண்டு, கையுறை போட்டுக் கழற்றுங்கள். உட்புறம் தேய்ந்த நட்டு, விரிசல் விட்ட பிளேடு இரண்டும் குப்பைக்கு. விரிசலை வெல்டிங் வைக்கவே கூடாது.

ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் பிளேடு சுற்றுகிறதே?

சில விநாடி ஓய்ந்து சுற்றுவது இயல்பு. எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டர் இல்லாமல் மெதுவாக ஓடும்போது, விடாமல் சுற்றினால் அது கோளாறு. ஐடில் ஸ்க்ரூ அதிகம் ஏற்றியிருக்கலாம். அதை இடப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். அதற்கும் நிற்கவில்லையென்றால் கிளட்ச் ஸ்பிரிங் அறுந்திருக்கும், மாற்றாமல் ஓட்டக்கூடாது.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. இந்த மெஷின்களில் ஸ்டாப் ஸ்விட்ச் மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை, பிளக்குக்குப் போகும் பொறியை எர்த் செய்து எஞ்சினை அணைக்கிறது. உப்புக்காற்றில் அந்தச் சின்னத் தகடு துருப்பிடித்தால் ஸ்விட்சைத் தட்டினாலும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். தேவனாம்பட்டினத்திலிருந்து மரக்காணம்வரை கடலை ஒட்டி வேலை செய்பவர்கள் தினம் காலையில் முதல் காரியமாக மெஷினை ஸ்டார்ட் செய்து ஸ்விட்சில் அணைத்துப் பார்க்க வேண்டும். சோக்கை மூடி அணைத்துப் பழகிவிட்டால், உண்மையாகவே அவசரம் வரும் நாளில் கை ஸ்விட்சைத் தேடாது.

சிக்கிய கொடியையோ புல்லையோ எப்படி எடுப்பது?

முதலில் எஞ்சினை அணையுங்கள். பிளேடு நின்றுவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். ஸ்பார்க் பிளக் கேப்பைக் கையால் இழுத்துக் கழற்றி, பிளக்கைத் தொடாதபடி ஒதுக்கி வையுங்கள். அப்புறம்தான் கையுறை, குச்சி எல்லாம்.

கேப்பைக் கழற்றுவது லான் மோவரில் மிக முக்கியம். பிரஷ் கட்டரில் எஞ்சினுக்கும் பிளேடுக்கும் நடுவே கிளட்ச் இருக்கிறது. சாதாரணத் தள்ளு மோவரிலோ பிளேடு எஞ்சின் தண்டிலேயே நேராக மாட்டியிருக்கும். அடியில் ஒட்டிய ஈரப்புல்லைச் சுரண்டும்போது பிளேடைக் கையால் திருப்பினால் எஞ்சினும் திரும்பும். சூடான எஞ்சினில் மிச்ச பெட்ரோல் ஆவி இருந்தால் ஒரே ஒருமுறை வெடித்துத் தள்ளும். விரல் போக அந்த ஒரு வெடிப்பே போதும். ஸ்டார்ட்டர் கயிற்றை யாரும் இழுக்கவில்லையே என்று பிறகு ஆச்சரியப்படுவார்கள்.

மோவரைச் சாய்க்கும்போது கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் மேலே வரும்படி சாயுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் ஃபில்டருக்குள் இறங்கும், பெட்ரோல் சூடான சைலன்சர் பக்கம் ஒழுகும்.

ஷ்ரெட்டரில் கனமான சக்கரம் சுற்றுவதால் அணைத்த பிறகும் வெகுநேரம் ஓடும். சத்தம் நின்றதை நம்பாதீர்கள், சக்கரத்தைப் பாருங்கள். அடைப்பை எடுக்க மூடியைத் திறக்குமுன் கேப்பைக் கழற்றுங்கள். மோட்டாரில் ஓடுவதென்றால் பிளக்கைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது மட்டையைக் கையால் அமுக்கக்கூடாது, அடுத்த மட்டையால் தள்ளுங்கள். தென்னை மட்டையின் அடிப்பகுதி கொக்கி மாதிரி இருப்பதால் சட்டைக் கையையும் கையுறையையும் மாட்டி இழுத்துக்கொண்டே உள்ளே போகும். அகலமான கையுறை இந்த மெஷினில் ஆபத்து. சேலைத் தலைப்பு, துப்பட்டா, தோளில் போட்ட துண்டு, மடித்துக் கட்டிய லுங்கி எல்லாவற்றுக்கும் இதே கதி.

லான் மோவரில் கால் எப்படி மாட்டுகிறது?

பின்னால் இழுக்கும்போது. சுவர் மூலையில் திரும்ப இடமில்லாமல் மோவரைத் தன்னை நோக்கி இழுப்பார்கள், ஈரப்புல்லில் கால் வழுக்கும், செருப்புக் கால் நேரே அடியில் போகும். மழைவிட்ட மறுநாள் காலையில் பனியும் ஈரமும் காயும்வரை புல்தரைப் பக்கம் போகவேண்டாம். சரிவில் தள்ளு மோவரைக் குறுக்காகத்தான் ஓட்ட வேண்டும், மேலும் கீழுமாக வேண்டாம். உட்கார்ந்து ஓட்டும் மோவருக்கு இது நேர்மாறு. குறுக்காக ஓட்டினால் உருண்டு மேலே விழும். கைப்பிடியில் உள்ள நிறுத்தும் கம்பியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கும் மோவரைக் கண்டால் முதலில் அந்தக் கயிற்றை அறுத்துப் போடுங்கள்.

கரண்டில் ஓடும் ஹெட்ஜ் டிரிம்மர் பாதுகாப்பானதா?

வெட்டுக்காயம் குறைவுதான். ஷாக்தான் பிரச்சினை. இட்லிப்பூ வேலி வெட்டும்போது தன் ஒயரையே தானே அறுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும். ஒயர் எப்போதும் தோள்மேல் போய் முதுகுப் பக்கம் விழட்டும். அறுந்த ஒயரை இன்சுலேஷன் டேப் சுற்றி ஈரத்தரையில் போடாதீர்கள், முழு ஒயரையும் மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எந்தப் பாயிண்ட்டிலிருந்து வருகிறதோ அங்கே மின்கசிவு வந்தால் உடனே கரண்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்க வேண்டும். லோடு மீறினால் விழும் சாதாரண எம்சிபி ஒயரைத்தான் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்கி, விழுகிறதா என்று பாருங்கள்.

தெருவோர மரத்தை அலுமினியக் கம்புள்ள கத்தரியாலோ அலுமினிய ஏணியிலிருந்தோ வெட்டுவது தனி ஆபத்து. மெல்லிய இலை காற்றில் ஆடுவது மாதிரிக் கம்பும் ஆடும், மின்கம்பியைத் தொட்டது தெரிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். புதுச்சேரியில் மின்துறையிடமும் கடலூரில் மின்வாரியத்திடமும் சொல்லி லைனை நிறுத்திய பிறகே ஏறுங்கள். "அஞ்சு நிமிஷ வேலைதான்" என்பது பதிலாகாது.

புயலில் விழுந்த மரத்தைச் செயின் சாவில் அறுக்கும்போது ஏன் இத்தனை பேருக்கு அடிபடுகிறது?

2011 டிசம்பர் 30-இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த தானே புயல், 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் இரண்டுமே தெருத்தெருவாக மரங்களைச் சாய்த்துவிட்டுப் போயின. நின்ற மரத்தை வெட்டிப் பழகியவருக்கும் விழுந்த மரம் புதிது. அது வளைத்துப் பிடித்த வில் மாதிரி. ஒரு பக்கம் இழுபட்டும் எதிர்ப்பக்கம் நசுங்கியும் நிற்கும். இழுபட்ட பக்கத்தில் முதலில் கத்தி வைத்தால் மரம் பிளந்து முகத்தில் அடிக்கும்.

மரம் இரண்டு முனையிலும் தாங்கி நடுவில் அந்தரத்தில் இருந்தால், நசுங்குவது மேல்பக்கம். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுத்து நிறுத்தி, மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை தொங்கினால் இது தலைகீழ்: முதலில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. பக்கவாட்டில் வளைந்திருந்தால், வளைவின் வெளிப்பக்கம் நிற்காதீர்கள்.

வேரோடு சாய்ந்த மரத்தில் அறுத்துவிட்ட உடனே வேர்மண் தட்டு பழைய குழிக்குள் சட்டென்று நிமிர்ந்துகொள்ளும். அந்தக் குழியில் குழந்தைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அறுக்குமுன் குழியைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள்.

கடலோர மணல் ஒட்டிய தென்னந்தண்டு செயினை நிமிடத்தில் மழுக்கிவிடும். மரத்தூள் சீவல் சீவலாக வராமல் மாவாக வந்தால் செயின் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது நிறுத்தி அரம் போடாமல் உடம்பு பலத்தால் அமுக்குபவர்கள்தான் தவறி விழுகிறார்கள். செயின் விநாடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடுகிறது. செயின் சுற்றி ஓடும் தகடான பாரின் மூக்கு மேல்பாதி எதிலாவது பட்டால் சா மேலெழுந்து முகம், கழுத்து நோக்கி வரும். இடது கட்டைவிரல் முன்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும், தோளுக்கு மேல் அறுக்கக்கூடாது, ஏணியில் நின்று அறுக்கவே கூடாது. செயின் பிரேக்கைத் தினமும் சோதியுங்கள்: தரையில் உறுதியாகப் பிடித்து வேகமெடுத்து, இடது மணிக்கட்டால் முன்தகட்டைத் தள்ளினால் செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும்.

பெட்ரோல் ஊற்றும்போது?

எஞ்சின் ஆறட்டும், பத்து நிமிடமாவது. மினரல் வாட்டர் பாட்டிலில் பெட்ரோல் வைப்பதை விடுங்கள், தாகத்தில் யாராவது குடித்துவிடுவார்கள். ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டர் தள்ளிப் போய் ஸ்டார்ட் செய்யுங்கள். கலவை கையேட்டில் உள்ளபடி: 50-க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில், 25-க்கு 1 என்றால் 40 மில்லி. சட்டையில் சிந்தினால் மாற்றிவிட்டுத்தான் வேலை.

கண்ணில் ஏதோ பட்டது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதுமா?

என்ன பட்டது என்பதைப் பொறுத்தது. மண், தூசி என்றால் சுத்தமான தண்ணீரில் கழுவலாம். கல்லோ பிளேடு துண்டோ வேகமாக வந்து குத்தியிருந்தால் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள், அமுக்காதீர்கள். பேப்பர் டம்ளரின் அடிப்பாகத்தைக் கண்ணைத் தொடாமல் குமிழ் மாதிரி வைத்து ஒட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். இரும்புத் துண்டாக இருக்கலாம் என்று மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரும்பு உள்ளே இருக்கும்போது எம்ஆர்ஐ எடுத்தால் அது கண்ணுக்குள் நகர்ந்து இன்னும் கிழிக்கும்.

புல், நெல் தோகை, இலைத்துணுக்கு கருவிழியில் கீறினால் அன்றைக்கு உறுத்தல் மட்டுமே இருக்கும். நம் பகுதியின் ஈரமான வெப்பத்தில் அந்தக் கீறலில் பூஞ்சை வளரும். சில நாளில் கண் சிவந்து வெள்ளைப் புள்ளி தெரிந்தால் தாமதம் வேண்டாம். மெடிக்கலில் தாமாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சை தீயாகப் பரவும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விடாதீர்கள். தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, ஜிப்மர், மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை ஆகியவற்றில் எது அருகிலோ அங்கே அன்றே காட்டுங்கள்.

சாதாரணப் பவர் கண்ணாடி பாதுகாப்பு ஆகாது, உடைந்து அதுவே கண்ணில் ஏறும். ஐ.எஸ். 5983 அல்லது ஈ.என். 166 அச்சிட்ட, பக்கம் மூடிய கண்ணாடி வாங்குங்கள். வலைமுகமூடி மட்டும் போதாது, சின்னத் துகள் வலைக்குள் புகும்.

விரல் துண்டாகிவிட்டது. என்ன செய்வது?

முதலில் ஆளைக் கவனியுங்கள். காயத்தின்மேல் சுத்தத் துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள், கையை இதயத்துக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். காலிலோ கையிலோ ரத்தம் பீறிட்டு அழுத்தியும் நிற்காவிட்டால் மட்டும், காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின்மேல் படாமல், அகலமான துணியால் இறுக்கிக் கட்டி நேரத்தை எழுதி வையுங்கள். கட்டியதை வழியில் அவிழ்க்கக்கூடாது.

துண்டான விரலைத் தேடி எடுங்கள். சுத்தமான துணி அல்லது காஸை நார்மல் சலைனில் லேசாக நனைத்து அதில் சுற்றுங்கள். சலைன் இல்லாவிட்டால் சுத்தமான தண்ணீர். சுற்றியதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸைத் தொட்டால் உறைந்து செத்துவிடும், தண்ணீரில் ஊறினால் பஞ்சாகிவிடும். இப்படிக் குளிரில் வைத்த விரலை 12 மணி நேரம்வரைகூட ஒட்டவைக்க வாய்ப்புண்டு. வெயிலில் வைத்தால் அந்த நேரம் பாதியாகிவிடும். ஒட்டவைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரி வசதி எங்கே என்று போன் செய்து கேட்டுக்கொண்டே கிளம்புங்கள். கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் அந்தப் பிரிவு இருக்கிறது.

வெட்டுக்காயத்தில் காபித்தூள், மஞ்சள், பெட்ரோல் எதையும் போடாதீர்கள். மருத்துவர் அதைத் தேய்த்துக் கழுவும் வலி வேறு. மண் பட்ட காயத்துக்குக் கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும்.

இரவில் கை மரத்துப்போகிறது, காதில் ஙொய்யென்று சத்தம். இதுவும் வேலைக் காயமா?

ஆம். அதிர்வும் சத்தமும் மெதுவாகச் செய்யும் காயம். செயின் சா, பிரஷ் கட்டர் சத்தம் 100 டெசிபலைத் தொடும், காதுமூடி இல்லாமல் அதில் நாள்முழுதும் நிற்க முடியாது. பஞ்சு வைப்பது பயனில்லை. ரப்பர் பிடி தேய்ந்ததும் மாற்றுங்கள், சமநிலை தப்பிய பிளேடை ஓட்டாதீர்கள், ஒரே ஆளே முழுநாளும் ஓட்டாமல் மாற்றி ஓட்டுங்கள்.

"வீட்டில் விழுந்துட்டேன்னு சொல்லு" என்கிறார் மேஸ்திரி. சொல்லலாமா?

கூடாது. அரசு மருத்துவமனையில் முதலில் எழுதும் விபத்துப் பதிவேடு, அதாவது ஏ.ஆர். காப்பிதான் பின்னால் எல்லாவற்றுக்கும் அடிப்படை. எந்த இடத்தில், யாரிடம் வேலை செய்யும்போது, எந்த மெஷினில், எத்தனை மணிக்கு என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள். "வீட்டில் விழுந்தேன்" என்று ஒருமுறை எழுதிவிட்டால் அதை மாற்றுவது குதிரைக்கொம்பு. மெஷினையும் கார்டையும் இருந்தபடியே செல்போனில் படமெடுத்து வையுங்கள். உடன் வேலை செய்த இருவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐ இருந்தால் என்ன கிடைக்கும்?

வேலையில் அடிபட்டால் எத்தனை நாள் சந்தா கட்டினீர்கள் என்ற நிபந்தனை கிடையாது, சேர்ந்த முதல் நாளே உரிமை உண்டு. தற்காலிக ஊனத்துக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம். அடிபட்ட நாளை விட்டு மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருந்தால் இது பொருந்தும். சம்பளம் மாதம் 21,000 ரூபாய்வரை உள்ளவர்களுக்கு இந்தத் திட்டம். புதுச்சேரியில் கோரிமேட்டில் இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. விபத்து அறிக்கையை முதலாளிதான் அனுப்ப வேண்டும், அனுப்பினாரா என்று கேட்டு நகல் வாங்குங்கள்.

இஎஸ்ஐ இல்லை. இழப்பீடு எவ்வளவு வரும்?

முன்பு 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-க்குள் வந்துவிட்டது. கணக்கு முறை அதேதான். நிரந்தர முழு ஊனம் என்றால் மாதக் கூலியில் 60 சதவீதத்தை வயதுக்கான எண்ணால் பெருக்க வேண்டும், மரணம் என்றால் 50 சதவீதம். பகுதி ஊனத்துக்கு அந்த 60 சதவீதத் தொகையில், சட்டத்தின் அட்டவணையில் அந்தக் காயத்துக்கு எழுதியுள்ள சதவீதம். 40 வயதுக்கான எண் 184.17. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம், கட்டைவிரல் 30, எலும்பு போகாமல் ஆள்காட்டி விரல் நுனி மட்டும் என்றால் 5.

2020 ஜனவரி 3 அறிவிப்பின்படி கூலி உச்சவரம்பு 15,000 ரூபாய். நாள் கூலி 700 வீதம் 26 நாளுக்கு 18,200 வந்தாலும் கணக்கில் 15,000-தான் எடுப்பார்கள். 40 வயதுக்காரருக்கு ஆள்காட்டி விரல் போனால்: 9,000 பெருக்கல் 184.17, அதில் 14 சதவீதம். 2,32,054 ரூபாய். மேஸ்திரி கையில் கொடுக்கும் பத்தாயிரத்தை வாங்கிக்கொண்டு வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விபத்து நடந்த நாளில் எந்த உச்சவரம்பு அமலில் இருக்கிறது என்பதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மனு செய்ய இரண்டு ஆண்டு அவகாசம். சப்-கான்ட்ராக்டரிடம் வேலை செய்தவர், வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனத்திடமே கேட்கலாம். மேஸ்திரி போன் எடுக்கவில்லை என்று விட்டுவிட வேண்டியதில்லை.

கார்டைக் கழற்றி ஓட்டியபோது அடிபட்டால் இழப்பீடு மறுக்கப்படுமா?

தொழிலாளி தானே வேண்டுமென்று பாதுகாப்புத் தகட்டைக் கழற்றினார், அல்லது குடித்திருந்தார், அதனால்தான் அடிபட்டது என்று முதலாளி நிரூபித்தால் மறுக்கப்படலாம். மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் இந்த விலக்கு செல்லாது. மெஷினைக் கார்டு இல்லாமல்தான் கொடுத்தார்கள் என்றால் கதை வேறு. அதனால்தான் காலையில் மெஷினை வாங்கும்போதே ஒரு படம் எடுத்து வைப்பது உதவும்.

வீடு மஞ்சக்குப்பத்தில், வேலை புதுச்சேரி ரிசார்ட்டில். எங்கே மனு போடுவது?

விபத்து நடந்த பகுதி, நீங்கள் குடியிருக்கும் பகுதி, முதலாளியின் பதிவு அலுவலகம் உள்ள பகுதி ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். முள்ளோடைச் சோதனைச்சாவடி தாண்டிப் போய் அலைய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, கடலூரிலேயே போடலாம்.

தனி ஆளாக வீடு வீடாகப் போய்ப் புல் வெட்டுகிறேன். எனக்கு என்ன?

வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் சுரக்‌ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயதுவரை சேரலாம். விபத்து மரணத்துக்கு 2 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கையோ காலோ போனால் 1 லட்சம். விரல் போனதற்கு இதில் எதுவும் வராது. மாநிலத்தின் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்வதும், பதிவைக் காலத்தில் புதுப்பிப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

வேலையிடத்தில் என்ன முதலுதவிப் பொருள் வைத்திருக்க வேண்டும்?

பெரிய காஸ் கட்டு பத்து, 10 சென்டிமீட்டர் ரோலர் பேண்டேஜ் ஆறு, 500 மில்லி நார்மல் சலைன் இரண்டு பாட்டில், முக்கோணத் துணி இரண்டு, கத்தரி, கையுறை, பேப்பர் டம்ளர் நாலு, சீல் வைக்கும் பிளாஸ்டிக் பைகள், ஒரு மார்க்கர் பேனா. இதையெல்லாம் மெஷின் ஏற்றும் வண்டியில் வையுங்கள், அலுவலக அலமாரியில் பூட்டி வைத்தால் சாவி தேடவே நேரம் போகும். பக்கத்தில் எந்தப் பெட்டிக்கடையில் ஐஸ் கிடைக்கும் என்று காலையிலேயே பார்த்து வையுங்கள்.